மழையில்லாத இரவில் சொட்டும் கூரை

மலேசியாவின் கேமரன் மலையில் இருக்கும் பிரிஞ்சாங் மாதிரியான ஊரில், பழைய தகரத்தைக் கழற்றிவிட்டுப் புதுத் தகரம் அடித்த வீட்டில் நடக்கக்கூடிய விசித்திரம் ஒன்று உண்டு. மழை இல்லை. மூடுபனிகூட இல்லை, வானம் தெளிந்து நட்சத்திரம் தெரிகிறது. விடியற்காலை நாலு மணிக்குப் போர்வைமேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுகிறது. முப்பது வருஷம் துருவேறிக் கிடந்த பழைய கூரை மழைக்காலத்தில் ஒழுகியது உண்மைதான். ஆனால் இப்படி ஒருநாளும் செய்ததில்லை. கூரை போட்டவரைக் கூப்பிட்டுக் காட்டினால் அவர் ஏறிப் பார்த்துவிட்டு, ஒரு ஸ்க்ரூகூடப் பிசகவில்லை என்று சத்தியம் செய்வார். அவர் சொல்வது சரி. அந்தத் தண்ணீர் வெளியிலிருந்து வரவில்லை. வீட்டில் படுத்திருப்பவர்களின் மூச்சிலிருந்தும், ராத்திரி சோறு வடித்த அடுப்பிலிருந்தும் வந்தது.

பிரிஞ்சாங் நகரம் கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் மேலே இருக்கிறது. அதன் தலைக்குமேல் நிற்கும் பிரிஞ்சாங் மலை உச்சி 2,000 மீட்டரைத் தாண்டும். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறு, ஆறரை டிகிரி இறங்கும் என்பது பொதுக் கணக்கு. அதனால் ஈப்போவில் மின்விசிறி சுற்றும் இரவில் இங்கே 14, 15 டிகிரி இருப்பது சாதாரணம். கேமரன் மலையில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 7.8 டிகிரி, அது 1978 பிப்ரவரி முதல் நாள். வெளியே காற்று 14 டிகிரி என்றால் தகரமும் 14 டிகிரியில் நிற்கும் என்று நினைப்போம். நிற்காது. தகரம் இரவெல்லாம் தன் வெப்பத்தை வானத்தை நோக்கிக் கதிர்வீசிக்கொண்டே இருக்கும். மேகமோ மூடுபனியோ இருந்தால் அதில் ஒரு பங்கு திரும்பி வந்துவிடும். வானம் திறந்து கிடந்தால் போனது போனதுதான். தெளிந்த இரவில் தகரம் சுற்றியுள்ள காற்றைவிட இரண்டு மூன்று டிகிரி கூடுதலாகக் குளிர்ந்துவிடும்.

இப்போது வீட்டுக்குள் பாருங்கள். உள்ளே 18 டிகிரி, ஈரப்பதம் 85 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், அந்தக் காற்று 15 டிகிரிக்குச் சற்று மேலேயே தன் ஈரத்தைக் கைவிடத் தொடங்கிவிடும். தூங்குகிற ஒரு மனிதர் மூச்சிலும் தோலிலுமாக மணிக்குச் சுமார் 40 கிராம் நீராவி விடுகிறார். ஐந்து பேர் எட்டு மணி நேரம் தூங்கினால் ஒன்றரை லிட்டருக்கு மேல். இந்த ஆவியெல்லாம் மேலே போய், 12 டிகிரியில் காத்திருக்கும் தகரத்தின் அடிப்பக்கத்தைத் தொட்டதும் நீராகிறது. துளி பருத்து, சரிவில் வழிந்து, முதல் குறுக்குச் சட்டத்தில் முட்டி, கீழே விழுகிறது.

பழைய கூரை ஏன் இப்படிச் செய்யவில்லை? அதன் நெளிவுகளுக்கும் சுவருக்கும் நடுவே கைநுழையும் இடைவெளி இருந்தது. முகட்டுத் தகரம் தூக்கிக்கொண்டு நின்றது. ஆணித்துளைகள் அகன்றிருந்தன. எல்லா இடுக்கிலும் காற்று புகுந்து ஆவியைத் துரத்திக்கொண்டே இருந்தது. புதுக் கூரையில் அத்தனையையும் அடைத்தாயிற்று. நெளிவுக்கேற்ற ஸ்பஞ்சுப் பட்டை வைத்து, சிலிக்கான் பூசி, கச்சிதமாக. பழைய கூரை தன் குறைகளாலேயே ஒரு வேலையைச் செய்துகொண்டிருந்தது என்பது, அந்தக் குறைகளை நீக்கிய பிறகுதான் தெரிகிறது.

புது வீட்டுக்குக் கூரை போடுவதும் பழைய வீட்டுக்குக் கூரை மாற்றுவதும் ஒரே வேலை என்றே பலரும் நினைக்கிறார்கள். அதே தகரம், அதே ஸ்க்ரூ, அதே ஆட்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. புது வீட்டில் கூரை எது என்று முடிவு செய்துவிட்டு அதற்கேற்பச் சுவரையும் சட்டத்தையும் காற்றோட்டத்தையும் அமைக்கிறோம். பழைய வீட்டில் சுவர் ஏற்கெனவே நிற்கிறது, சரிவு முடிவாகிவிட்டது, பக்கத்து வீட்டுக்காரரின் கூரை நம் கூரையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே வீடு சொல்வதைக் கூரை கேட்டாக வேண்டும். கடையில் தகரம் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இரண்டிலும் வேறு வேறு.

புது வீட்டுக்காரருக்குக் கிடைக்கும் முதல் சுதந்திரம் சரிவு. தகரத்தின்மேல் தகரம் ஏறிப் படியும் இடத்தில் மயிரிழை இடைவெளி இருக்கும். அந்த இடைவெளி 0.3 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நீரின் பரப்பு இழுவிசை அந்த இடுக்கில் தண்ணீரைத் தானாக மேலே இழுக்கும். பள்ளியில் நுண்புழை ஏற்றம் என்று படித்தோமே, அதுதான். இந்த அளவு இடுக்கில் தண்ணீர் செங்குத்தாக அதிகபட்சம் 5 சென்டிமீட்டர் ஏறும். கூரை 30 டிகிரி சாய்ந்திருந்தால் அந்த 5 சென்டிமீட்டர் உயரம் என்பது சரிவின்மேல் 10 சென்டிமீட்டர் நீளம். ஒரு தகரத்தின்மேல் இன்னொன்றைப் 15 சென்டிமீட்டர் ஏற்றிப் போடுவது வழக்கமாதலால் தண்ணீர் வழியிலேயே நின்றுவிடும். சரிவு வெறும் 10 டிகிரி என்றால் அதே தண்ணீர் 28 சென்டிமீட்டர் ஏறிப்போய், தகரத்தின் மேல் விளிம்பைத் தாண்டி உள்ளே விழும். ஓட்டையே இல்லாமல் ஒழுகும் கூரை இப்படித்தான் உண்டாகிறது.

மலை ஊர்களில் இதற்குப் பெரும்பாலும் பலியாவது சமையலறைதான். முன்கூரை நல்ல சரிவோடு கட்டப்பட்டிருக்கும். பிறகு குடும்பம் பெருகி, பின்பக்கம் ஒரு சாய்ப்பு இறக்கியிருப்பார்கள். தலை இடிக்காமல் இருக்க அதன் சரிவைக் குறைத்துக்கொண்டே போயிருப்பார்கள். மேல் கூரையின் தண்ணீர் முழுவதும் வந்து விழுவதும் அந்தச் சாய்ப்பின்மேல்தான். மணிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் ஒரு மழை பிடித்தால், 60 சதுர மீட்டர் கூரை நிமிடத்துக்கு 100 லிட்டர் தண்ணீரைக் கீழே தள்ளும். அவ்வளவையும் 10 டிகிரிச் சரிவில் ஏந்திக்கொள்ளும் சாய்ப்பு ஒழுகாமல் இருந்தால்தான் ஆச்சரியம். தகரத்தை எத்தனை முறை மாற்றினாலும் இது தீராது. சாய்ப்பை ஒரே நீளத் தகரமாக, நடுவில் ஒட்டில்லாமல் போட வேண்டும். அல்லது சுவரை உடைத்துச் சரிவைக் கூட்ட வேண்டும்.

இந்த மலையின் கூரை வரலாறு தகரத்தோடு தொடங்கவில்லை. செமாய் பழங்குடியினர் பெர்த்தாம் பனையின் ஓலையை வேய்ந்துகொண்டிருந்த காடுகள் இவை. 1885இல் வில்லியம் கேமரன் அளவெடுக்க வந்தார், 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தேயிலை வந்தது. தோட்டம் வந்தபோது தமிழர்கள் வந்தார்கள். தமிழர்கள் வந்த இடத்துக்கெல்லாம் லயம் என்னும் வரிசை வீடுகளும் வந்தன. லயம் என்றால் தகரக் கூரை.

நெளிதகரத்துக்கு 1829இல் காப்புரிமை வாங்கியவர் லண்டன் துறைமுகப் பொறியாளர் ஹென்றி ராபின்சன் பால்மர். தட்டையான தகட்டை நெளித்துவிட்டால், கூடுதல் இரும்பு சேர்க்காமலேயே அது பல மடங்கு விறைத்துக்கொள்ளும். குறைவான சட்டத்தில் அதிக தூரம் நிற்கும். எட்டு ஆண்டு கழித்து, 1837இல், பிரெஞ்சுக்காரர் ஸ்தானிஸ்லாஸ் சோரல் இரும்பை உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இரண்டும் சேர்ந்ததும் கப்பலில் அடுக்கி எங்கும் அனுப்பக்கூடிய கூரை ஒன்று உலகத்துக்குக் கிடைத்தது. மலேயா ரப்பர் தோட்டம், இலங்கை மலையகம், நீலகிரி, அசாம் என்று எல்லா இடத்திலும் கூலி லயங்களின் தலையில் அதுவே ஏறியது. மலிவு, இலகு, விரைவு என்று துரைமாருக்குப் பிடித்த மூன்று குணங்களும் அதில் இருந்தன. பகலில் வேகவைக்கும், இரவில் உறையவைக்கும், மழையில் பேச்சே கேட்காது என்பதெல்லாம் அதற்குள் குடியிருந்தவர்களின் பிரச்சினை.

துத்தநாகம் இரும்பைக் காப்பாற்றுவது இரண்டு விதமாக. ஒன்று, மூடிக்கொண்டு. இரண்டாவது, தன்னையே கொடுத்து: கீறல் விழுந்த இடத்தில்கூட, இரும்பு துருப்பிடிப்பதற்கு முன்னால் பக்கத்திலிருக்கும் துத்தநாகம் கரைந்துபோகும். 275 கிராம் பூச்சு என்று தகரத்தில் போட்டிருந்தால், சதுர மீட்டருக்கு இரு பக்கமும் சேர்த்து 275 கிராம் துத்தநாகம் என்று பொருள். ஒரு பக்கத்துக்கு 20 மைக்ரான்தான் வரும். தலைமுடியின் தடிமனில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. கடற்கரையில் உப்புக்காற்று இதை வெகு சீக்கிரம் தின்றுவிடும். பிரிஞ்சாங் கடலிலிருந்து தொலைவில் இருப்பதால் உப்பு இல்லை. அந்த அதிர்ஷ்டத்தால்தான் மலையில் தகரம் தலைமுறைக்கணக்கில் நிற்கிறது.

ஆனால் இங்கே வேறொரு வில்லன். துத்தநாகம் மழையில் நனைந்து, பிறகு காற்றில் உலரும்போது, காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து மேலே ஒரு சாம்பல் நிற ஏடு படியும். அந்தக் கார்பனேட் ஏடுதான் உண்மையான கவசம். நனைவதும் உலர்வதும் மாறி மாறி நடந்தால் அது கெட்டிப்படும். உலரவே விடாமல் ஈரம் அடைந்து கிடந்தால் ஏடு உண்டாகாது. வெள்ளைப் பொடி பூத்து, துத்தநாகம் வீணாகக் கரையும். லாரியில் வந்த புதுத் தகரத்தை மழையில் நனையவிட்டு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைத்தால் சில வாரத்திலேயே இந்த வெள்ளைத் துரு வந்துவிடும். பயன்படுத்துவதற்கு முன்னாலேயே கூரையின் ஆயுளில் சில வருஷம் போய்விட்டது என்று பொருள். மூடுபனியும் தூறலுமான இந்த ஊரில் தகரம் வாங்கி வைத்துவிட்டு நல்ல நாள் பார்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பழைய கூரை ஒன்றைக் கழற்றும்போது இந்த வேதியியலைக் கண்ணாலேயே படிக்கலாம். நடுத்தகரம் மங்கலான சாம்பல் நிறத்தில் இன்னும் திடமாக இருக்கும். தகரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் பட்டையைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே செந்துரு. வெயில் படாத, ஈரம் உலராத இடம் அது. ஆணியைச் சுற்றி ஒரு பழுப்பு வளையம். அந்தத் துளை வட்டமாக இருக்காது. சரிவின் போக்கில் நீண்டு, முட்டை வடிவில் இருக்கும். காரணம் சூரியன். உயரமான இடத்தில் மெல்லிய காற்று, கூசும் வெயில். பகலில் தகரம் 60 டிகிரி வரை காயலாம், விடியற்காலையில் 12 டிகிரிக்கு இறங்கும். ஆறு மீட்டர் நீளத் தகரம் இந்த ஏற்ற இறக்கத்தில் மூன்றரை மில்லிமீட்டர் நீண்டு சுருங்கும். ஒரு நாளைக்கு ஒரு தடவை, வருஷத்துக்கு 365 தடவை, ஆணியின் உடலில் உரசிக்கொண்டு. ரப்பர் வாஷர் போட்ட ஸ்க்ரூ இந்த உரசலைத் தாங்கும். ஆனால் வாஷரை வறட்டுவது புற ஊதாக் கதிர், அதுவும் ஆயிரம் மீட்டருக்குப் பத்து விழுக்காட்டுக்கு மேல் கூடிக்கொண்டே போகும். தகரம் நல்லாயிருக்க வாஷர் செத்துப்போவது மலையில் சகஜம். பல கூரைகளுக்கு உண்மையில் தேவைப்படுவது புதுத் தகரம் அல்ல, புது ஸ்க்ரூ என்று சொன்னால் தகரக் கடைக்காரர் கோபித்துக்கொள்வார்.

இதனால்தான் பழைய கூரையைக் கழற்றுமுன் அதை ஒரு மணி நேரம் நின்று பார்க்கச் சொல்கிறேன், உள்ளிருந்தும் வெளியிலிருந்தும். எந்த மூலையில் பாசி பிடித்திருக்கிறது, எந்தச் சட்டத்தில் கறை ஓடியிருக்கிறது, எந்தப் பக்கத்துத் தகரத்தைக் காற்று தூக்கியிருக்கிறது என்று எல்லாம் அதில் எழுதியிருக்கிறது. புது வீட்டுக்காரருக்கு இந்த வசதி கிடையாது. அவர் கையில் இருப்பது வரைபடமும் அனுமானமும்.

லயத்துக் கூரைக்குத் தனித் தொல்லை ஒன்று உண்டு. எட்டு வீடு, பத்து வீடு ஒரே முகட்டின் கீழ் நிற்கும். சுவர் தனித்தனி, கூரை ஒன்றே. நடுவீட்டுக்காரர் தன் பங்குக்கு மட்டும் புதுத் தகரம் போட்டால், அவர் தகரத்தின் நெளிவும் பக்கத்து வீட்டின் பழைய நெளிவும் பொருந்தாது. பழையது அலை அலையாக வளைந்தது. இன்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் பெட்டி பெட்டியாக மடித்தது. பொருந்தாத இடத்தில் தாரும் துணியும் வைத்து அடைப்பார்கள். அடுத்த மழைக்கு அங்கே ஒழுகும், அதுவும் பக்கத்து வீட்டில். லயத்தில் இதனால் வந்த சண்டைகளுக்குக் கணக்கில்லை. ஒரே முகட்டின் கீழிருப்பவர்கள் ஒன்றாக மாற்றுவது தவிர இதற்கு வழியில்லை. முடியாவிட்டால் பழைய நெளிவிலேயே தகரம் தேடி வாங்க வேண்டும்.

பழைய தகரத்தைக் கழற்றாமல் அதன்மேலேயே புதியதை அடித்துவிடலாமே என்று ஒரு யோசனை அடிக்கடி வரும். ஒரு நாளில் வேலை முடியும், வீடு நனையாது, சத்தமும் குறையும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு தகரத்துக்கும் நடுவே சிக்கிய ஈரம் வெளியேற வழியில்லை. அதோடு, துருவேறிய பழைய இரும்பு புதுத் தகரத்தின் பூச்சைத் தொட்டுக்கொண்டிருந்தால், புதுப் பூச்சு தன் இயல்புப்படி அந்தப் பழைய இரும்பையும் காப்பாற்றப் போய்த் தானும் கரையும். பிள்ளையின் சம்பளத்தில் அப்பனின் கடனை அடைப்பதுபோல. நடுவே சட்டம் வைத்துக் காற்று ஓடும்படி தூக்கி அடித்தால் வேறு கதை. அப்படிச் செய்வதற்குச் செலவும் எடையும் கூடும்.

உலோகங்களுக்குள் இருக்கும் இந்த ஒவ்வாமை கூரை மாற்றும்போது பெரிய விஷயமாகிறது. இன்று சந்தையில் கிடைக்கும் தகரத்தில் பெரும்பகுதி வெறும் துத்தநாகப் பூச்சல்ல. எடையில் 55 விழுக்காடு அலுமினியம், 43.4 துத்தநாகம், 1.6 சிலிக்கான் சேர்ந்த கலவை. அமெரிக்காவின் பெத்லஹேம் ஸ்டீல் நிறுவனம் 1972இல் வணிகத்துக்குக் கொண்டுவந்தது. சாதாரண நிலையில் பழைய பூச்சைவிட வெகுகாலம் உழைக்கும். ஆனால் ஈயத் தகட்டோடு இதைச் சேர்க்கக் கூடாது. சிமெண்டுச் சாந்து பட்டால் அதிலுள்ள காரம் அலுமினியத்தை அரிக்கும். தண்ணீர் சூடாக்கியின் செம்புக் குழாயிலிருந்து சொட்டும் நீர் இதன்மேல் ஓடினால் போச்சு. பழைய வீட்டில் இவையெல்லாமே இருக்கும்: சுவர் ஓரத்தில் சாந்து, புகைபோக்கியைச் சுற்றி ஈயம், எங்கோ ஒரு செம்புக் குழாய். கரையானுக்குப் பயந்து செம்பு கலந்த மருந்தேற்றிய மரச்சட்டத்தை ஈரத்தோடு வாங்கிவந்து அடித்தால், அந்தச் செம்பும் ஸ்க்ரூவின் பூச்சைத் தின்னும். புது வீட்டில் இவற்றை ஒரு பட்டியல் போட்டுத் தவிர்த்துவிடலாம். பழைய வீட்டில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

அடுத்தது எடை. 0.4 மில்லிமீட்டர் தகரம் சதுர மீட்டருக்கு 4 கிலோ அளவில் இருக்கும். கான்கிரீட் ஓடு 45 முதல் 50 கிலோ. அறுபது சதுர மீட்டர் வீட்டில் இது 240 கிலோவுக்கும் ஏறத்தாழ மூன்று டன்னுக்கும் உள்ள வித்தியாசம். கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் தகரத்தை எடுத்துவிட்டு அழகான ஓடு போட வேண்டும் என்ற ஆசை நியாயமானது. ஆனால் லயத்துக் கைமரங்கள் தகரத்தின் கணக்கில் வைத்தவை. அரைநூற்றாண்டு ஈரம் குடித்தவை. ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். முனை எளிதாக இறங்கினால் அந்த மரம் ஓட்டை மட்டுமல்ல, புது ஸ்க்ரூவையும் தாங்காது.

ஓட்டை எடுத்துவிட்டுத் தகரம் போடுவதில் யாருக்கும் பயம் வருவதில்லை. எடை குறைகிறதே! அங்கேதான் காற்று காத்திருக்கிறது. மலேசியக் கட்டடத் தரம் வடிவமைப்புக்கு எடுத்துக்கொள்ளும் காற்றுவேகம் வினாடிக்குச் சுமார் 33 மீட்டர். அந்த வேகத்தில் காற்றழுத்தம் சதுர மீட்டருக்கு 65 கிலோ எடைக்கு மேல் வரும். கூரையின் மேற்புறம் வழியாகக் காற்று பாயும்போது அது அழுத்துவதில்லை, மேல்நோக்கி உறிஞ்சுகிறது. மூலைகளிலும் விளிம்பிலும் இன்னும் கடுமையாக. மலைமுகட்டில் காற்று நெருக்கப்பட்டு வேகம் கூடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓட்டுக் கூரை பெரும்பாலும் தன் கனத்தாலேயே உட்கார்ந்திருந்தது. அதன் கைமரங்களைச் சுவரோடு இரும்புப் பட்டையால் யாரும் கட்டியிருக்க மாட்டார்கள். அதே மரத்தின்மேல் 4 கிலோ தகரத்தைத் திருகினால், தகரம் மரத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். மரத்தைத்தான் யாரும் பிடித்திருக்க மாட்டார்கள். புயலில் முழுக் கூரையும் சட்டத்தோடு பறந்துபோய் அடுத்த தெருவில் விழுந்த படங்களைப் பார்த்தால் ஸ்க்ரூக்கள் பத்திரமாக இருப்பதைக் காணலாம்.

ஆபத்தான பழைய கூரை ஒன்று இருக்கிறது. அது தகரமல்ல, கல்நார் கலந்த சிமெண்டுத் தகடு; ஆஸ்பெஸ்டாஸ் என்று சொன்னால் எல்லாருக்கும் தெரியும். மலேசியாவில் பழைய கட்டடங்களின் கூரையிலும் சீலிங்கிலும் இதைக் காணலாம். தமிழ்நாட்டில் இன்றைக்கும் புதிதாகவே வாங்கிப் போடுகிறார்கள். உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை கல்நாரின் எல்லா வகைகளையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று வகைப்படுத்தியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத இழைகள் நுரையீரலின் உறைவரை போய்த் தைத்துக்கொள்ளும். நோய் வெளிப்பட இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகூட ஆகும். தகடு முழுதாக, சிமெண்டுக்குள் கட்டுண்டு தலைக்குமேல் கிடக்கும்வரை ஆபத்து குறைவு. அறுக்கும்போதும் துளைபோடும்போதும் உடைக்கும்போதும்தான் இழை பறக்கிறது. அதாவது, கூரை மாற்றும் அந்த இரண்டு நாளில்.

தேயிலைக்கும் இந்தக் கூரைக்கும் இலங்கையில் ஒரு விநோதமான முடிச்சு விழுந்தது. அங்கே மலையக லயங்களில் துருப்பிடித்த தகரத்துக்குப் பதிலாக ஆஸ்பெஸ்டாஸ் ஏறிய இடங்கள் ஏராளம். அரசாங்கம் கல்நார் இறக்குமதியை 2018 தொடக்கத்திலிருந்து கட்டுப்படுத்துவதாக அறிவித்திருந்தது. 2017 டிசம்பரில், இலங்கைத் தேயிலைச் சரக்கு ஒன்றில் தானியத்தைத் தின்னும் கப்ரா வண்டு இருந்ததாகச் சொல்லி ரஷ்யா இலங்கைத் தேயிலைக்குத் தற்காலிகத் தடை போட்டது. உலகுக்குக் கல்நார் ஏற்றுமதி செய்வதில் முன்னணி நாடு ரஷ்யா. சில நாட்களிலேயே இலங்கை கல்நார்க் கட்டுப்பாட்டைத் தள்ளிவைத்தது. தேயிலைத் தடையும் விலகியது. கொழுந்து பறிப்பவரின் தலைக்குமேல் எந்தக் கூரை இருக்கும் என்பதை அவர் பறித்த கொழுந்தே நிர்ணயித்துவிட்டது.

கேமரன் மலைக்குத் திரும்புவோம். இங்கே கூரை வேலை விளிம்போடு முடிவதில்லை. ஆண்டுக்கு 2,600 மில்லிமீட்டர் மழை என்று வைத்தால், நூறு சதுர மீட்டர் கூரை 260 டன் தண்ணீரைப் பிடிக்கிறது. சமதரையில் அது எங்கே விழுந்தாலும் பெரிய பாதகமில்லை. மலைச்சரிவை வெட்டி, வெட்டிய மண்ணை முன்னே கொட்டி நிரப்பிக் கட்டிய வீட்டில், கூரை விளிம்பில் தண்ணீரை ஏந்தும் பீலி உடைந்து ஒரே இடத்தில் விழும் தண்ணீர் அந்த நிரப்பு மண்ணுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். ஈரம் ஏற ஏற மண்ணின் பிடி தளரும். நிலச்சரிவு என்றதும் காட்டை வெட்டியவர்களைப் பார்க்கிறோம், சரிதான். பிரிஞ்சாங்கைச் சுற்றி மலையெங்கும் காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகள் மழையை மண்ணில் இறங்கவிடாமல் ஓடைக்குத் தள்ளுவதையும் பார்க்க வேண்டும். கூடவே நம் வீட்டுப் பீலி எங்கே கொட்டுகிறது என்றும் ஒருமுறை பார்த்துவிடலாம். கூரை மாற்றும் செலவில் பீலிக்கு ஒதுக்குவது எப்போதும் கடைசிக் காசு. பாறையிலோ சிமெண்டு வாய்க்காலிலோ போய்ச் சேரும்வரை அந்தத் தண்ணீர் கூரைக்காரரின் பொறுப்பு என்பேன்.

பொறுப்பு என்று வரும்போது லயத்தில் ஒரு கேள்வி பாக்கியிருக்கிறது: தனக்குச் சொந்தமில்லாத கூரையை யார் மாற்றுவது? மலேசியாவின் 1990ஆம் ஆண்டுத் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டுவசதிச் சட்டம், அதாவது 446ஆம் சட்டம், தோட்டத்தில் வீட்டைப் பழுதுபார்த்துப் பராமரிக்கும் கடமையை முதலாளிமேல் வைக்கிறது. 2019இல் திருத்தப்பட்டு, 2020 ஜூன் முதல் தோட்டத்துக்கு வெளியிலும் நடப்புக்கு வந்தது. இப்போது கொழுந்து பறிப்பவர்களில் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் இந்தோனேசியரும் அதிகம். தமிழ்க் குடும்பங்கள் பல பிரிஞ்சாங், தானா ராத்தா வீடமைப்புப் பகுதிகளுக்கு இறங்கிவிட்டன. லயத்தில் மூன்று தலைமுறை ஒழுகலுக்குப் பாத்திரம் வைத்தவர்கள், முதல்முறையாகச் சொந்தக் கூரைக்குக் காசு கொடுக்கிறார்கள். அவர்களுக்குத்தான் இதைச் சொல்ல வேண்டும்.

குத்தகையாளர் விலை சொல்லும்போது தகரத்தின் நிறத்தைப் பற்றியே அதிகம் பேசுவார். நீங்கள் பூச்சின் எடையையும், பூச்சு நீங்கலான இரும்பின் தடிமனையும், ஸ்க்ரூவின் வகையையும் கேட்டு, பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். தகரத்தின் அடியில் காப்பும் அலுமினியத் தாளும் வருமா, கூரை விளிம்பில் புகும் காற்று முகட்டில் வெளியேற வழி விட்டிருக்கிறாரா என்று கேளுங்கள். விடியற்காலைச் சொட்டுக்கு அதுதான் மருந்து. மாற்றும் வேலையை மழை குறைந்த பிப்ரவரியில் வையுங்கள். மதியத்துக்குமேல் மழை வருவது இங்கே வழக்கமாதலால், மூடி முடிக்கக்கூடிய அளவை மட்டும் காலையில் திறக்கச் சொல்லுங்கள். பழைய வீட்டில் சாம்பல் நிறச் சிமெண்டுத் தகடு கண்ணில் பட்டால், அது என்னவென்று பரிசோதித்துத் தெரிந்துகொள்ளும்வரை சுத்தியலை எடுக்க யாரையும் அனுமதிக்காதீர்கள். கழற்றத்தான் வேண்டுமென்றால் அதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் வரட்டும். தகடு நனைந்த நிலையில், உடையாமல், முழுசாக இறங்க வேண்டும். பிள்ளைகள் அன்று வீட்டில் இருக்க வேண்டாம்.